முழங்கைக் கட்டி

நாகலாபுரம் பக்கம் ஆட்டுக்குக் கட்டி வந்தால் டாக்டரைத் தேட மாட்டார்கள், சுடலைமணியைத்தான் தேடுவார்கள். கழுத்தில் பழுத்து நிற்கும் கட்டியை ஒரே கீறலில் திறந்து, பிதுக்கி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டால் ஆடு மறுநாளே மேயப் போய்விடும். அந்தக் கைராசியில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. ஊர் ஏற்றிவிட்ட மிதப்பு.

அவன் மகள் இந்துஜாவுக்கு ஒன்பது வயது. தசைகள் வீங்கித் தளர்ந்துபோகிற நோய். வாராவாரம் ஊசி, தினமும் மாத்திரை. அப்பாடா, பிள்ளை எழுந்து நடக்கிறாள் என்று வீடு மூச்சுவிட்ட நேரத்தில் முழங்கையில் கல் மாதிரி ஒரு கட்டி கிளம்பியது. கையை நீட்ட முடியவில்லை. தலைவாரவும் அம்மா வேண்டும்.

"தோலுக்கடியில கால்சியம் படிஞ்சிருக்கு," என்றார் மதுரையில் டாக்டரம்மா. "இதை நிச்சயமாக் கரைக்கும்னு சொல்ல மருந்து இல்லை. தசை நோயை அடக்கிவச்சா சிலருக்குத் தானாக் கரையும். பொறுங்க. கட்டியில மட்டும் கை வச்சிராதீங்க."

பொறுத்தார்கள். கரையவில்லை. ஒருநாள் கட்டியின் மேல் தோல் சிவந்து, நடுவில் வெள்ளையாக முனை தெரிந்தது. ஆட்டுக்கு அப்படித் தெரிந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். பாவி, அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

மனைவி சீனித்தாய் பருத்திக் காட்டுக்குப் போயிருந்த நேரம்.

"ஏட்டி, கையைக் கொண்டா. அப்பா எடுத்து விடுதேன்."

பிள்ளை கொடுத்தாள். பிளேடைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டெடுத்துக் கீறினான். குழைத்த சுண்ணாம்பு மாதிரி வந்தது. அவள் அழவேயில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

புண் ஆறவில்லை. காய்ச்சல் அனலாய் அடிக்கவும் அள்ளிக்கொண்டு மதுரைக்கு ஓடினார்கள். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இவளுக்குப் போடுற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். சீழ் உள்ள இறங்கிருச்சு. இது அடங்குற வரைக்கும் ஊசியை நிறுத்தணும். நிறுத்தினா தசை நோய் திரும்பக் கிளம்பலாம். இன்னும் கட்டிகள் வரலாம்."

சீனித்தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

புண்ணைக் கழுவ நர்ஸ் வந்ததும் இந்துஜா கையை இழுத்துக்கொண்டு அலறினாள்.

"நீங்க தொடாதீங்க! எங்கப்பாவ எடுக்கச் சொல்லுங்க. அவிய வலிக்காம எடுப்பாவ."

வாசலில் நின்ற சுடலைமணிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"அப்பா, வாங்கப்பா," என்று அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.