முதல்ல வண்டிங்க போகட்டும்

என் தம்பி இரண்டாவது முறை விழுந்தபோது இடுப்பெலும்பு முறிந்தது. முதல் முறை மணிக்கட்டோடு போயிற்று. இரண்டு முறையும் குளியலறையில் வழுக்கியதாகவே சொன்னான். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவனுக்கு இனி அந்த வீடு ஆகாது என்று எலும்பு மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். என் வீடு தரைத்தளம். எனக்கும் வேறு துணையில்லை. என்னிடம் வந்துவிடு என்றேன்.

இதில் என் நலமும் கலந்திருந்தது. அவன் முதலில் விழுந்த நாளிலிருந்து எட்டு மாதமாக, இரண்டு பேருந்து மாறி, சாப்பாட்டு அடுக்கோடு அந்த மூன்று மாடியையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, இன்னும் இருபத்திரண்டு படி என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் மேலே காலெடுத்து வைப்பேன்.

அவன் ஒரு நிபந்தனை போட்டான். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"முதல்ல வண்டிங்க போகட்டும். அதுங்க அங்க ஒழுங்கா இருந்தா நான் வந்து இருக்கேன். இல்லேன்னா என் வீடே எனக்குப் போதும். அதை இன்னும் காலி பண்ணல."

அவற்றைப் பொம்மை என்று சொன்ன குற்றத்துக்காக எங்கள் சித்தப்பாவோடு அவன் இரண்டு ஆண்டு பேசாமல் இருந்தவன். பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு உலோகத்தில் வார்த்த பழங்காலக் கார்கள் அவை. நீண்ட மூக்குக் கார்கள், துணிக்கூரைக் கார்கள், வாலில் மீன்துடுப்பு வைத்த கார்கள். பானெட்டைத் தூக்கினால் என்ஜினும் அதன் ஒயர்களும் தெரியும். ஸ்டியரிங்கை விரல்நுனியால் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பும். மொத்தம் இருநூற்று எண்பத்தாறு. லேத் பட்டறையில் முப்பத்தாறு ஆண்டு நின்றுகொண்டே வேலை பார்த்தவன், கல்யாணமும் செய்துகொள்ளாதவன், தனக்கென்று தேடியது அவ்வளவுதான்.

எப்படிக் கட்டவேண்டும் என்பதையும் சொல்லியிருந்தான்: ஒவ்வொரு வண்டியையும் மெல்லிய வெள்ளைத்தாளில் சுற்றி, அதன்பிறகே வேறெதையும் மேலே சுற்றவேண்டும். அந்தத் தாளில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கக் கண்ணாடிகள் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் முப்பத்து நான்கு ஆண்டு ஒரு தாளும் கசங்காமல் காத்தவளுக்கு ஒரு காரைப் பொதியத் தெரியாதா என்ற எண்ணமும் இருந்தது. காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள், கடைகளில் பபிள் ஷீட் என்பார்களே, அதில் ஒரு முழுச் சுருள் வாங்கினேன். குமிழ்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, ஆண்டு வாரியாக எண் எழுதினேன். சொந்த அட்டைப்பெட்டியோடு இருந்த இருபத்தைந்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். பதினோரு நாள் ஆயிற்று. முட்டியும் முதுகும் எனக்குச் சொந்தமில்லை என்றாயின.

ஏற்றி இறக்க வந்தவர்களில் மூத்தவர், முட்டையா அம்மா, இவ்வளவு பதமாக எடுக்கச் சொல்கிறீர்களே என்று கேட்டார். கார் என்றேன். எத்தனை என்றார். எண்ணிக்கையைச் சொன்னேன்.

"இத்தனை காரை வச்சுக்கிட்டு எங்க முதுகுல ஏத்துறீங்களே" என்றார்.

ஒரு கண்ணாடிகூட உடையாமல் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு வாரத்தில் அலமாரி தருவதாகச் சொன்ன தச்சர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். அதுவரை பெட்டிகள் முன்னறையில், மேற்கு ஜன்னலை ஒட்டி இருந்தன. கோடைக் காலம். பிற்பகல் இரண்டு மணிக்கு அவற்றின்மேல் விழும் வெயில் ஆறு மணிக்குத்தான் நகரும். உலோகத்துக்கு ஈரம்தானே பகை, வெயில் படட்டும் என்று திரையைக்கூட விலக்கி வைத்தேன்.

இயன்முறை சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து தம்பி வருவதற்கு முந்தைய நாள், வண்டிகளை அடுக்க அவனுடைய சிநேகிதர் வந்தார். அவருக்கும் இதே பித்து. பல் மருத்துவர், உடைந்த வைப்பர்களைப் பல்லுக்கு வைத்திருக்கும் இடுக்கியாலேயே ஒட்டிவிடுவார். முதல் பொதியைப் பிரித்து, உள்ளிருந்த நீலக் காரை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"மத்ததையும் பிரிங்கக்கா" என்றார்.

மாலைக்குள் எல்லாவற்றையும் பிரித்தோம். குமிழ்கள் பட்ட இடமெல்லாம் பெயிண்டில் வட்டம் வட்டமாக, வரிசை பிசகாமல், தழும்பு விழுந்திருந்தது. பானெட், கதவு, கூரை, எதுவும் தப்பவில்லை. சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் கசிந்து பெயிண்டை இளக்கிவிடும், வெள்ளைத்தாளை முதலில் சுற்றச் சொன்னது அதற்காகத்தான் என்று விளக்கினார். பாலிஷ் போட்டால் போகாதா என்று கேட்டேன்.

"பல்லுன்னா பிடுங்கிடலாம். இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவன் வந்து கொஞ்சம் நிலைகொண்ட பிறகு சொல்லலாம், அதுவரை அலமாரிக்குத் திரை போடலாம் என்று அவர் யோசனை சொன்னார். நான் ஒப்பவில்லை. அலுவலகத்தில் பிழை செய்தவர்களை அவர்கள் கையாலேயே அதை எழுதவைத்தவள், என் பிழைக்குத் திரை கட்டமுடியாது. அன்றே எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அலமாரியில் அடுக்கினேன்.

மறுநாள் அவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அவன் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். அலமாரி வரை நடந்துபோய், அடர்சிவப்பு நீள்மூக்குக் காரை எடுத்து, பானெட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"அம்மை போட்டிருக்கு" என்றான். "எத்தனைக்கு?"

"இருநூத்தி அறுபத்தொண்ணு."

காரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போனான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், மருந்தை எடுத்துக்கொண்டான். நான்காம் நாள், சனிக்கிழமை டாக்சி கொண்டுவரும்படி பல் மருத்துவரிடம் போனில் சொல்வது என் காதில் விழுந்தது. பேருந்து நிறுத்தமும் இருபத்திரண்டு படியும் கண்முன் வந்தன. மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாம் என்றால், கேட்பதற்கும் உடம்பில் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவன் அறைக்குப் போனேன்.

"போறதுன்னா போ. உன் வண்டியை நான் கெடுத்தேன், அது உண்மை. ஆனா இனிமே அந்தப் படியை என்னால ஏற முடியாது. சாப்பாட்டுக்கு வேற வழி பாத்துக்கோ."

அவன் கட்டிலில் நகர்ந்து எழுந்து உட்கார்ந்தான்.

"நான் குளியலறையில விழலக்கா."

"பின்ன?"

"மேல்தட்டுல தூசி தொடைக்க ஸ்டூல்ல ஏறினேன். ரெண்டு தடவையும் அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை பிரஷை எடுத்தால் கீழே வைக்கப் பொழுது சாய்ந்துவிடும் என்றான். ஐந்தாறு ஆண்டாகவே முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு கீறல்கூட விழாத பொருளை எப்படித் தூசியில் விடுவது என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் களைப்புகூட மறந்துபோயிற்று.

"அப்ப எட்டு மாசம் நான் படியேறினது உன் தூசிக்காகவா?"

"ஆமா" என்றான். பிறகு, "இப்ப காப்பாத்த ஒண்ணும் இல்ல" என்றான்.

அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. என்னை மன்னித்த குறியும் இல்லை. நெடுந்தூரம் சுமந்த மூட்டையை வேறொருவர் தட்டிவிட்டுச் சிதறடித்தால், பொறுக்கவும் மனமில்லாமல், போகவும் மனமில்லாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறவனைப் போல இருந்தான்.

சனிக்கிழமை டாக்சி வந்தது. தழும்பில்லாத அந்த இருபத்தைந்து பெட்டிகளையும் அதில் ஏற்றி அனுப்பச் சொன்னான். பல் மருத்துவர் பதறிப்போய், எனக்கு எதற்கு என்று மறுத்தார்.

"உனக்கு முதுகு நல்லாத்தானே இருக்கு? நீ தொடை" என்றான் தம்பி. போகிற வழியில் பழைய வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிடும்படியும் அவரிடமே சொன்னான்.

டாக்சி போன பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான்கு கவளம் ஆனதும் அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"உப்பு கம்மி."

"இன்னிக்கா?"

"எப்பவுமேதான். மூணு மாடி ஏறிக் கொண்டுவர்ற ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?"

உப்பு ஜாடி அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள் என்றேன்.