மேல் கதவு

அன்று காலை கோபுரத்தில் இருந்தவர்கள்: பகல் காவல் அரசப்பன், வயது ஐம்பத்தொன்பது, ஊர் பொதட்டூர்பேட்டை. பொறியாளர் கமலவல்லி, ஒன்பது மணிக்கு வந்தவர். இரவுக் காவலான நான், ஸ்ரீவத்ஸன், ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். பிறகு ஒரு கூகை ஆந்தை.

சென்னைக் கோபுரம் என்றுதான் பெயர். நிற்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். உயரம் தொண்ணூறு மீட்டர். உச்சியில் ஆன்டெனாக்கள், அவற்றுக்குக் கீழே ஒரு கண்ணாடி அறை. ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஏறிப் பார்த்த அறை அது. பதினோரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் பூட்டப்படுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒருமுறைகூட மேலே போனதில்லை. ராத்திரியில் படிக்கட்டு வழியாக ஏதோ கிறீச்சிடும் சத்தம் இறங்கி வரும். மெஷின் என்று விட்டுவிடுவேன். ஆனாலும் நிமிர்ந்து பார்ப்பேன்.

முந்தின நாள் ஆபீஸிலிருந்து போன்: பொறியாளர் மேல் அறையைச் சோதிக்க வருகிறார். காலையில் அரசப்பன் வந்ததும் கேட்டேன்.

“அண்ணே, நானூத்திப் பன்னெண்டு படி. லிஃப்டும் இல்ல. தெனம் சாயங்காலம் ஏறிப் பூட்டிட்டு எறங்குறீங்க, முட்டி எப்படித் தாங்குது?”

“இன்னாத்துக்கு நைனா ஏறணும்? மேல கதவு கீழதான கீது.”

தமாஷ் என்று நினைத்தேன். அவர் மதில் சுவரின் மேற்குப் பக்க இரும்புக் கதவைக் காட்டினார்.

காவல் அறைச் சுவரில் உத்தரவு தொங்கியது: ‘தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் கதவைப் பூட்டவும்.’ அவர் ஊரில் மேலத்தெரு மேற்கேதான் இருக்கும். பதினோரு வருஷமாக மேற்குக் கதவைப் பூட்டி, ‘மேல் கதவு பூட்டப்பட்டது’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உத்தரவு சொல்வது உச்சி அறைக் கதவை என்று சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ரிட்டையராவ நாலு மாசம் கீது. பொய்யா எழுதிக்கினு இருந்தேன்னு தூக்கிடுவாங்களே.”

“நான் போய்ப் பூட்டிட்டு வரேன்.”

சாவிக்கொத்தில் யாரும் தொடாத சாவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். உதவி என்று சொல்லிக்கொண்டாலும், எனக்குப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மேலே கதவு ஆவென்று திறந்து கிடந்தது. தரையெல்லாம் எச்சம், எலி எலும்பு, கக்கிப்போட்ட காய்ந்த முடி உருண்டைகள். உடைந்த ஒரு கண்ணாடிக்குப் பக்கத்து மூலையில் கூகை உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சீறியது. மூன்று வருஷமாக நான் கேட்ட மெஷின். கண்ணாடிகளில் ஊர்ப்பெயர்களும் அம்புக்குறிகளும். சட்டையால் துடைத்துப் பார்த்தேன். கிழக்கே பழவேற்காடு ஏரி, தகடு மாதிரி. திருவள்ளூர் என்ற அம்பு எங்கள் வீட்டுப் பக்கம் காட்டியது. அங்கே புகைதான் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றிருப்பேன்.

பூட்டிப் பயனில்லை. பல வருஷமாக யாரும் மேலே வரவில்லை என்று தரையே காட்டிக்கொடுத்துவிடும். பூட்டாமல் இறங்கி அதை அவரிடம் சொன்னேன்.

கமலவல்லி வந்து வண்டியை நிறுத்தியதுமே அரசப்பன் எதிரே போய் நின்றார்.

“மேடம், மேல ரூம் கதவை நான் பூட்டவேயில்ல. பதினோரு வருசமா.”

“தினமும் எழுதியிருக்கீங்களே?”

“பூட்டிட்டுத்தான் எழுதுனேன். அத்த.” மேற்கே கையை நீட்டினார்.

கமலவல்லி அந்தக் கையைப் பார்த்தார், காவல் அறைக்குள் போய் உத்தரவைப் படித்தார். அடியிலிருந்த கையெழுத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எழுதினது. மாடிக் கதவுன்னு எழுதியிருக்கலாம்.”

“எழுதியிருக்கலாம் மேடம்” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இவர் மேல ரிப்போர்ட் எழுதினா என் மேலயும் எழுதணும். உத்தரவு தெளிவா இல்லைன்னு போட்டுடறேன். விடுங்க. வாங்க, மேல போலாம்.”

“எந்த மேல மேடம்?” என்று கேட்டார் அரசப்பன். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, எனக்குப் புரியவில்லை.

ஏறும்போது அரசப்பன் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மேலே வந்ததும் கூகையைத் திட்டினார்: “இத்தினி வருசமா ஜாலியா குந்திக்கினு கீது பாரு.” பிறகு மேற்குக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் தேடினார். பொதட்டூர்பேட்டை தெரியவில்லை. அவ்வளவு தூரம் தெரியாது.

கமலவல்லி அளவெடுத்து முடித்தார். கூகை உடைந்த கண்ணாடி வழியாகப் போய் வரட்டும் என்றார். நாங்கள் இருவரும் படியிறங்க ஆரம்பித்தோம். கடைசியாக வெளியே வந்த அரசப்பன், கதவைச் சாத்தி, துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டிச் சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.