ஊசி தின்ற குரல்

எக்பர்ட் இசைத்தட்டைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே மூன்று முறை துடைத்தாயிற்று.

"தொடைச்சே தேய்ச்சிருவே போல. போடு தம்பி. அவரு எவ்வளவு நேரம் முழிச்சிருப்பாரோ," என்றாள் மர்ட்டில் அண்ணி. கட்டிலில் கிடந்த புருஷனின் உதட்டில் சோளமாவுக் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

அண்ணன் லாசெல்ஸின் நரைத்த சடைகள் தலையணையைத் தாண்டிக் கிடந்தன. அவர் பாடிய ரெகே பாட்டுத் தட்டுகளில் வெளிவந்தவை இரண்டு. இரண்டும் அலமாரியில் இருந்தன. காலையிலிருந்து அவர் போடச் சொல்லிக் கேட்டது மூன்றாவதை, வெளிவராததை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கிங்ஸ்டனில் எக்பர்ட்டுக்குச் சொந்தமாக ஒரு சவுண்ட் செட் இருந்தது. தகர வேலி போட்ட திடலில் நடக்கும் சனிக்கிழமை நடனங்களில் செட்டுக்கும் செட்டுக்கும் போட்டி. வேறு எவனிடமும் இல்லாத பாட்டு யாரிடம் இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான். அண்ணன் ஒரே மூச்சில் பாடிப் பதிந்து, ஒரே ஒரு மென்தட்டாக, அச்சுக்கு முந்தைய மாதிரித் தட்டாக, வெட்டிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை போட்டுக்கொள், திங்கட்கிழமை இசைத்தட்டுக் கம்பெனிக்காரரிடம் கொடுத்துவிடு, ஸ்டுடியோவில் ஒரு மாதம்தான் டேப்பை அழிக்காமல் வைத்திருப்பார்கள் என்றார்.

கம்பெனி அச்சடித்துவிட்டால் ஊரிலுள்ள செட்டெல்லாம் அந்தப் பாட்டைப் போடும். எக்பர்ட் கொண்டுபோகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மாதம் ஓடியது. டேப்பில் வேறொருவன் பாடிவிட்டான். அண்ணன் கேட்டபோது, கம்பெனிக்காரர் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். குரலில் சதை இல்லையாம் என்று தானாக ஒன்றைச் சேர்த்தும் சொன்னான். அதை ஏன் சொன்னோம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். பிறகு பாடவே இல்லை, குளிக்கும்போதுகூட.

மென்தட்டை ஊசி ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் சுரண்டும். கிறிஸ்துமஸுக்குள் தட்டிலிருந்த குரல் தேய்ந்து போய்விட்டது. அதுவரை எக்பர்ட்டின் செட் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை.

ஊசியை இறக்கினான். தகரக் கூரையில் மழை விழுவது போல இரைச்சல். அதற்கடியில் பேஸ் கித்தார் மட்டும் தும் தும் என்றது.

"மிஷினு ரிப்பேரா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி." அவன் கட்டிலருகே குந்தினான். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கம்பெனிக்காரரு..."

லாசெல்ஸ் ஒரு விரலைத் தூக்கினார். பிறகு அந்த விரல் போர்வையின் மேல் தாளத்தோடு விழுந்து எழுந்தது. சரணம் வரவேண்டிய இடத்தில் உதடுகள் சரியாகத் திறந்தன.

"தெரியும்டா," என்றார். பாதி காற்றுதான் வந்தது. "சனிக்கிழமை தவறாம தகர வேலிக்கு வெளிய நின்னு கேப்பேன். வாராவாரம் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு."

"ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?"

"நீ ஜெயிச்சுக்கிட்டிருந்தே."

இரைச்சல் ஓடியது. விரலும் ஓடியது.

"சதை இல்லேன்னு மட்டும்... சொல்லியிருக்க வேணாம்."

தட்டு முடிவதற்குள் விரல் நின்றது. அண்ணி அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஊசிய எடு தம்பி," என்றாள்.

எடுத்தான். முனையில் கறுப்பாக ஒரு துளி தூசி சுருண்டு ஒட்டியிருந்தது. எப்போதும் ஊதித் தள்ளிவிடுவான். இன்று குனிந்து அதை முகத்துக்கு நேரே பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.