கமருன்னிஸா ஜவுளிக்கடையின் எட்டு விநாடி விளம்பரம்

காலை ஆறு மணிக்குச் சதீஷ் எழுவான். மோட்டரைப் போடுவான். பல் தேய்ப்பான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஒரு டம்ளர் காபி கலந்து நின்றபடியே குடிப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு நன்னிலம் கடைத்தெருவுக்கு நடந்து வந்து, கமருன்னிஸாவின் ஜவுளிக்கடை வாசலில் செத்துப்போன தன் மனைவி வானதி மஞ்சள் பையோடு வெளியே வந்து, முந்தானையைச் சரிசெய்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் படியிறங்குவதைப் பார்ப்பான். இரண்டாவது படியில் கால் வைத்ததும் அவள் கடைக்குள் இருப்பாள். மறுபடி வெளியே வருவாள். நாலைந்து தடவை பார்த்துவிட்டு, எதிர்க் கட்டடத்தின் மாடியில் இருக்கும் தன் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். இதற்குள் வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் சந்து வரை வந்திருக்கும். பக்கத்து வீட்டு வீரையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலேறிக் குதித்து மோட்டரை நிறுத்துவார்.

சதீஷின் தொழில் விளம்பரம். ஏஐயிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தால் எட்டு விநாடிப் படம் வரும். அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுப்பான். அவர்கள் செல்போன்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். இதில் சூட்சுமம் ஒன்றுதான். படத்தின் கடைசிக் காட்சி முதல் காட்சியோடு ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் எங்கே முடிந்தது, எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. பார்க்கிறவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வானதி இருந்தவரை அவனுக்கு இது சரியாக வந்ததில்லை. ஒட்டும் இடத்தில் டீ குடிப்பவரின் மீசை கொஞ்சம் நகர்ந்துவிடும். "மீசை குதிக்குது பாருங்க" என்று அவள் சிரிப்பாள். அவள் போன பிறகு எதுவும் குதிக்கவில்லை. காலையும் மாலையும் ஒன்றாகிவிட்டவனுக்கு முதலையும் கடைசியையும் ஒட்டவைப்பது பெரிய காரியமில்லை.

அதிலிருந்துதான் விளம்பரங்கள் நிற்காமல் போயின. யூனுஸின் டீக்கடைக்கு டீ ஆற்றுகிற மாதிரி ஒரு படம் செய்தான். மறுநாள் யூனுஸ் மேலே தூக்கிய குவளைக்கும் கீழே பிடித்த குவளைக்கும் நடுவில் டீ ஒரு கயிறு போலத் தொங்கியது. அவர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போய் வந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, ஆறவில்லை. வீரையன் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். அவருக்குச் செய்த படத்தில் மெஷின் விளைந்த வயலுக்குள் ஒரு ஓட்டம் ஓடும். அதற்குப் பிறகு அவருடைய ஆற்றோர வயல் எட்டு விநாடிக்கு ஒருமுறை அறுபட்டு, எட்டு விநாடிக்கு ஒருமுறை விளைந்து நின்றது. அடங்கல் பதிவேட்டில் பயிர் உண்டு என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா என்று கிராம நிர்வாக அலுவலர் வரப்பிலேயே குந்திவிட்டார். "ரெண்டுக்கும் நடுவுல எழுதுங்க சார்" என்றார் வீரையன். அலுவலரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

பொங்கலுக்கு முன்னால் கமருன்னிஸா மாடியேறி வந்தாள். ஒரு பெண் புடவை வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். ஏஐ கொடுத்த பெண்கள் யாரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது என்ன தம்பி, பெட்ஷீட்ட சுத்திக்கிட்டு நிக்கிறா? நம்ம ஊர்ல இவளப் பொண்ணு பாக்க வருவாங்களா?" என்றாள். அடுத்தவளுக்குக் கையில் ஆறு விரல். சதீஷ் மாதிரிக்காகத் தன் கல்யாணப் படம் ஒன்றை ஏஐயிடம் கொடுத்தான். குரலுக்கு, கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லி வானதி என்றோ அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சைக் கொடுத்தான். திரையில் வந்தவளைக் கமருன்னிஸா வெகுநேரம் பார்த்தாள்.

"வானதிதானே?"

"மாதிரிக்குத்தான் கொடுத்தேன்."

"இருக்கட்டும். புடவை நல்லாக் கட்டியிருக்கா. ஆனா 'போறேன்'னு சொல்றா பாரு, அது வேணாம். கடை வாசல்ல நின்னு யாராச்சும் போறேம்பாங்களா? 'போயிட்டு வரேன்'னு மாத்து."

மாற்றினான். போயிட்டு வரேன் என்று சொன்னவர் வந்தாக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் கடைக்காரப் பையன்கள் ஷட்டரைத் தூக்கியபோது வானதி உள்ளேயிருந்து வந்தாள்.

முதல் வாரம் திருவாரூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். அடுத்த வாரம் அவளுக்கு வழிவிட்டுப் படியேறப் பழகிக்கொண்டார்கள். அவள் கட்டியிருந்த அரக்கு நிறப் புடவை கடையில் தீர்ந்துபோய்க் கமருன்னிஸா காஞ்சிபுரத்துக்கு ஆளனுப்பினாள். வானதியின் அம்மா சாவித்திரி பட்டுக்கோட்டையிலிருந்து பையில் தேங்காயோடு பஸ்ஸில் வந்து, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மகள் ஒவ்வொரு தடவை "போயிட்டு வரேன்" என்றபோதும் "போயிட்டு வாம்மா" என்றாள். பொழுதுக்கும் சொன்னாள். தொண்டை கட்டியதும் யூனுஸ் சுக்குக் காபி கொடுத்தனுப்பினார்.

"அன்னிக்கும் இதைத்தானே மாப்பிள்ளை உங்ககிட்ட சொல்லிட்டுக் கிளம்பினா?" என்று சாவித்திரி கேட்டாள்.

"ஆமா அத்தை" என்றான் சதீஷ். சொன்ன பிறகுதான் தனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்தது.

வானதி டீச்சர், அன்று பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போனவள். தைக்குப் பிறகு இங்கே சாலைகளில் பாதி களம். நெல் காயப் போட்டிருப்பார்கள். அதில் சக்கரம் சறுக்கியது. அதன் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. ஆகவே அவள் கடைசியாகச் சொன்னது வீட்டு வாசல் கேட்டருகில் நின்று அவனிடம் சொன்னதுதான். அவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மீசையை ஒட்டவைத்துக்கொண்டிருந்தான். பாதி காதில் விழுந்தது, தலையாட்டினான். அந்தப் பாதியாவது நினைவில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் விளம்பரம் ஓடியது. கேட்டருகில் நிற்கும் வானதியை நினைத்தால் கையில் மஞ்சள் பை வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் கடைசியாகச் சொன்னது "போயிட்டு வரேன்" என்றார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

ஏஐயிடமே கேட்டுப் பார்த்தான். அவள் என்ன சொல்லியிருப்பாள்? "என் அன்பே, என் நினைவுகள் என்றும் உங்களோடு பயணிக்கும்" என்று வானதியின் குரலில் சொன்னது. வானதி அவனை அன்பே என்று கூப்பிட்டதில்லை. அவள் பயணித்ததும் இல்லை, வெளியூர் என்றால் பஸ்ஸில் போவாள்.

விளம்பரத்தை எடுத்துவிடலாமா என்று கமருன்னிஸாவிடம் போய்க் கேட்டான். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "தாராளமா எடு தம்பி. யாவாரம் கெடக்கு. ஆனா வரேன்னு சொன்ன பொண்ண வராதேன்னு யாரு சொல்றது? நானா? அவ ஆத்தா முன்னாடியா? நீ சொல்லு, போ."

சதீஷ் வாசலில் போய் நின்றான். வானதி வந்தாள், சொன்னாள், இறங்கினாள். வந்தாள், சொன்னாள், இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை நின்றும் அந்த ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. திரும்பி மாடிக்குப் போய், படத்தை எடுத்து, முதலும் கடைசியும் ஒட்டுகிற இடத்தில் ஒரு துணுக்கை வெட்டி எறிந்தான். தொழிலுக்குப் புது ஆள்கூட அப்படி மோசமாக ஒட்டியிருக்க மாட்டான்.

மறுநாள் காலையில் யூனுஸின் கடையில் நின்றபடி பார்த்தான். வானதி வந்தாள். "போயிட்டு வரேன்" என்றாள். இரண்டாவது படியில் கால் வைத்தாள். உடம்பு லேசாகக் குதித்தது. கடைக்குள் போக வழியில்லை, தெருவுக்கு வரவும் வழியில்லை; ஒற்றைக் காலில் நின்றாள். நிற்கிற சாக்கில் எதையோ நினைத்துக்கொண்டவள் போலத் திரும்பி, தெருவைத் தாண்டி நேராகச் சதீஷைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஒன்று சொன்னாள். பிறகு கடைக்குள் இருந்தாள்.

"விளம்பரத்துல இல்லாததைச் சொல்றாளே தம்பி!" என்று கமருன்னிஸா கல்லாவிலிருந்து கத்தினாள்.

"அது விளம்பரம் இல்லைங்க" என்றான் சதீஷ். "அவ சொன்னது."

டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். அவன் ஓடி ஊர் பார்த்து வெகுநாளாயிற்று. மதில்மேல் ஒரு காலைப் போட்டிருந்த வீரையன், "அட, நீயே வந்துட்டியா?" என்று காலை எடுத்துக்கொண்டு போனார்.

வானதி இப்போதும் வருகிறாள். படியில் கொஞ்சம் குதிக்கிறாள், சொல்கிறாள், உள்ளே போகிறாள். வியாபாரம் குறையவில்லை. காலையில் அந்த வழியாகப் போகிறவர்களில் பாதிப் பேர் அவள் சொல்வதைக் கேட்டதும் திடுக்கிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். அதுவும் பழகிவிட்டது.

அந்த வாரம் சாவித்திரி தேங்காய் வெட்டுக்காகப் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தாள். விஷயம் எட்டியதும் போன் செய்தாள். "என்னமோ புதுசா சொல்றாளாமே, மாப்பிள்ளை. என்ன சொல்றா?"

சதீஷ் சொன்னான். அந்தப் பக்கம் சாவித்திரி சிரித்தாள். மகள் செத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "அவதான். அவளேதான். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அவன் இன்னொரு தடவை சொன்னான்.

"மோட்டர நிறுத்துங்க, தொட்டி வழியுது."