பொட்டு வைத்த விமானம்

தொண்ணூற்றொன்றாம் வருஷம். கம்பெனியில் ஆயுத பூஜை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு சேரப்பணஞ்சேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் என் சைக்கிள் பளபளவென்று நின்றது, ஹேண்டில்பாரில் சாமந்தி. சந்தோஷமாகத்தான் உள்ளே காலை வைத்தேன். வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மணை, சுத்தியல், இஸ்திரிப் பெட்டி. அவற்றுக்கு நடுவில் என் விமானம். மூக்கில் சந்தனம், குங்குமம். இறக்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எட்டு மாதமாகச் செய்தது ஐயா! மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை வைத்த பழைய காலத்து விமானத்தின் மாதிரி. மூங்கில் சிம்பு, காத்தாடித் தாள், மைதாப் பசை. இறக்கைகளை நிமிர்த்திப் பிடிப்பது குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய நூல்கள்தான். ஒன்று தளர்ந்தாலும் இறக்கை கோணிக்கொள்ளும். வார்னிஷ் மட்டும் பாக்கி. மறுநாள் தாம்பரத்தில் கண்காட்சி. அங்கே பரிசு வாங்கி வந்து மரகதத்தின் வாயை அடைப்பதாக இருந்தேன். என் பெண்டாட்டிக்கு நான் லேத்தில் கடைவது வேலை, வீட்டில் செய்வது பொம்மை. "பொம்ம செஞ்சது போதும், வந்து துன்னு" என்பாள். ஒரு தடவையாவது இதை அவள் வேலை என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

"மரகதம்! இன்னாடி பண்ணி வெச்சிகீறே?"

புதுப்புடவையில் சிரித்துக்கொண்டே வந்தாள். "எல்லாத்தையும் கழுவி பொட்டு வெச்சேன். நல்லா கீதுல்ல?"

"பொம்மைய எதுக்குடி கழுவுனே?"

"பொம்மைன்னா பூஜையில வெப்பனா? நேத்து நீ நூல் இழுத்துக் கட்றதப் பாத்துக்கினே நின்னேன். அடுப்புல சோறு அடி புடிச்சதுகூடத் தெரியல."

அப்புறம் எங்கே கோபப்படுவது! விமானத்தைத் தூக்கக் குனிந்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"பூஜையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னிக்கு எந்தச் சாமானையும் தொடக் கூடாது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, டப்பென்று ஒரு சத்தம். நனைந்த நூல்கள் சுருங்கி இழுத்திருக்கின்றன, பசையும் இளகிவிட்டது. மேல் இறக்கை நடுவில் முறிந்து கீழ் இறக்கையின் மேல் சாய்ந்தது.

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, தண்ணி ஆவாதாயா அதுக்கு? சைக்கிளக் கழுவுற மாரியே கழுவிட்டேனே..."



வெள்ளிக்கிழமையானால் நகம்கூட வெட்டாதவள் அவள். சட்டென்று குனிந்து, பூஜையிலிருந்து விமானத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

எட்டு மாதமாகக் காத்திருந்த சொல். முறிந்த இறக்கையை வெறித்துப் பார்த்தேன். நூல் நனைந்து இறுகியிருந்தது, ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க முடியவில்லை.