முடிச்சுப் போட்ட எலி

மலை ஏரியில் மீன்பிடி சீசன் திறக்கிற அன்றைக்கே கரையில் கூடாரம் போட்டுவிட வேண்டும் என்பது அந்த அக்கா தங்கைக்குப் பல வருடப் பழக்கம். பனி அப்போதுதான் உருகியிருக்கும். மீனெல்லாம் வெயில் தேடி ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து நிற்கும். கொஞ்ச நாள் கழித்துப் போனால் கரை முழுக்க ஆட்கள், பாட்டுச் சத்தம். மீன் என்ன மடையனா, நின்று கேட்டுக்கொண்டிருக்க?

இந்த வருடம் அக்கா, கோடையில் போகலாமே என்று இழுக்க ஆரம்பித்தாள். தங்கைக்குப் புற்றுநோய் சிகிச்சை இப்போதுதான் முடிந்திருந்தது. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவளுக்கே தலையில் முடியில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாராவது பாவமாகப் பார்த்தால், உங்களுக்கும் இதே கட்டிங் போடட்டுமா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். நோய் போய்விட்டதா, மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன், பாழாய்ப்போன அந்த சீசன் திறக்கும் நாளிலேயே வந்து விழுந்திருந்தது. அக்கா அதைச் சொன்னாள், குளிரைச் சொன்னாள், சளி பிடிக்கும் என்றாள். தங்கை பிடித்த பிடியை விடவில்லை. தூண்டில், அடுப்பு, கம்பளிக் காலுறை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டாள். மொட்டைத் தலைக்கு மட்டும் தொப்பி இரண்டு.

கிளம்புவதற்கு முன் கூடாரத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. வீட்டுக்குப் பின்னால் அதை நிறுத்தி, ஒருத்தி உள்ளே உட்கார, இன்னொருத்தி ஹோஸ் பைப்பால் மேலே தண்ணீர் அடிப்பாள். எப்போதும் உள்ளே உட்காருவது தங்கைதான். அன்று அக்கா யாரும் சொல்லாமலே முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பைப்பைத் திறந்ததும் ஒரு அலறல். வெளியே வந்தவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

கூரையில் ஒரு முழத்துக்குத் தையல் விட்டிருந்தது.

"எலி கடிச்சிருக்கும்டி. நான் அதைத் தொடவே இல்ல" என்றாள் அக்கா, யாரும் கேட்பதற்கு முன்பே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

தங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணியில் ஒரு கீறல் கிடையாது. நூலை மட்டும் பதவிசாக உருவியிருந்தது. அதோடு விட்டதா? மிச்சத் தையல் ஓடிவிடக் கூடாதே என்று இரண்டு முனையிலும் முடிச்சு வேறு. காலமெல்லாம் தையல் மெஷினிலேயே கிடந்த அக்காவின் கை, கெடுக்கப் போனாலும் ஒழுங்காகத்தானே கெடுக்கும்!

"எலி முடிச்சுப் போடுமாக்கா?"

அக்கா ஈரத்தோடு பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். குளிரில் கூட்டிக்கொண்டுபோய் உனக்கு ஒன்று ஆனால் என் உயிர் தாங்குமா என்றாள். ஸ்கேன் முடியட்டும், நல்ல சேதி வரட்டும், நானே உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினாள்.

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதமும் படு என்றால் படுத்தாள், கையை நீட்டு என்றால் நீட்டினாள். போதும்.

"ரிசல்ட் வந்தப்புறம் போனா, ஒண்ணு அது கொண்டாட்டம், இல்ல துக்கம். எனக்கு ரெண்டும் வேணாம். மீன் பிடிக்கப் போகணும்க்கா. சும்மா, மீன் பிடிக்க."

சொன்ன கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஸ்கேனை அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொன்னாள். காரணம் பதியணுமே என்றது மறுமுனை. ஏதாவது கல்யாணம்னு சொல்லித் தொலை என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"மீன் பிடிக்கப் போறேன்னு போட்டுக்கோங்க."

அந்தப் பக்கத்தில், இந்த உடம்போடு தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டார்கள். தங்கை போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா எழுந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, நனைந்த கூடாரத்தை உதறி வெயிலில் விரித்துப் போட்டாள்.

"ரெண்டு பேருன்னு சொல்லுடி. காயட்டும், ரெட்டைத் தையலாவே போடறேன்."