முழு வாக்கியம்

செர்வா அத்தை தண்ணீர்க் குவளையை பிராகோவின் கையில் திணித்தாள். "வாயில ஊத்துடீ. ஊத்தும்போது சொல்ல வேண்டியதச் சொல்லு. நம்ம பேச்சுல சொல்லணும். சொல்லாம அனுப்பினா என் தம்பி முன்னோருங்க வாசல்ல போயி ஊமையா நிப்பான்."

நம்ம பேச்சாம்! பிராகோவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கும் அவள் அப்பா, தலைமையாசிரியர் போவாடி, தாய்மொழியான துவியை இந்த வீட்டுப் படியேற விட்டதில்லை. துவி, சந்தையில் கருவாடு விற்பவர்களுக்கு; இங்கிலீஷ், மனிதர்களுக்கு. அவர் பள்ளியில் துவி பேசிய பிள்ளையின் கழுத்தில் 'நான் கழுதை' என்ற பலகை தொங்கும், உள்ளங்கையில் பிரம்பு விழும். சொந்த மகளுக்கும் சலுகை கிடையாது. சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது பிராகோ துவியில் தண்ணீர் கேட்டுவிட்டாள். குவளையும் கையுமாக நின்றார் மனிதர். "முழு வாக்கியத்தில் கேள்" என்றார் இங்கிலீஷில். அவள் திக்கித் திணறி அந்த வாக்கியத்தைக் கட்டி முடிக்கும்வரை குவளை கீழே இறங்கவில்லை.

பக்கவாதம் வந்த அன்றே அந்த இங்கிலீஷ் மொத்தமும் அவரைக் கைவிட்டு ஓடிப்போயிற்று. இப்போது வாயில் வருவதெல்லாம் துவிதான்.

முற்றத்தில் பழைய மாணவர்கள் கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். "ஹெட்மாஸ்டரோட பிரம்பு இல்லேன்னா நான் இன்னிக்கு கோகோ மூட்டை தூக்கிட்டிருப்பேன்!" என்றான் கவுன்சிலர் அசாமோவா. நாலே நாலு இங்கிலீஷ் வாக்கியங்களை வைத்து எல்லா மேடையையும் ஓட்டுகிறவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வாங்கிய அடியைப் பதக்கம்போல் குத்திக்கொண்டு திரியும் ஜென்மங்கள்.

"தண்ணி..." என்றார் அப்பா, துவியில்.

"குடுடீ. ஏன் மரமாட்டம் நிக்கிற?"

"எனக்கு அந்தப் பேச்சு சரியா வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை? யாரு வர விடல?" என்றாள் பிராகோ, அரைகுறைத் துவியில்.

"நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லு. அவன் வீம்ப அவனோடயே பொதச்சிக்கலாம். இப்பத் தாகத்தப் பாரு."

பிராகோ குவளையை எட்டாத உயரத்தில் பிடித்தாள். ஒரே ஒரு முறை இந்த மனிதரும் அதை அனுபவித்துவிட்டுப் போகட்டும். அவருடைய அதே குரலில், இங்கிலீஷில் சொன்னாள்: "முழு வாக்கியத்தில் கேள்."

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏதோ ஜெபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாவின் கண்கள் மிரண்டன. போர்வைக்குள்ளிருந்து நல்ல கை மெல்ல வெளியே வந்தது. குவளையைப் பிடிக்க வரவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து அவளிடம் நீட்டிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயோ, பழசு திரும்பிடுச்சு," என்றாள் அத்தை. "மிஷன் ஸ்கூலுக்குப் போன புதுசுல இப்படித்தான். துவி பேசினான்னு அந்த வாத்தி தெனம் அடிப்பான். தூக்கத்துலகூடக் கைய நீட்டிக்கிட்டுக் கெடப்பான் எந்தம்பி."

பிராகோவுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது. வெளியே அசாமோவா பிரம்படியை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க அத்தை," என்றாள்.

அத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தாள். 'இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் போ. எங்களுக்குக் கெடுதல் எதையும் வர விடாதே.' பிராகோ தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது. மீதி உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

அத்தை அவர் தாடையைத் துணியால் கட்டினாள். பிறகு நீட்டியிருந்த கையை மடக்கி மார்பில் வைக்கப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி விரிந்துகொண்டது.